அண்ணாந்து பாருங்கள்

நடைக்கு நானூறு ரூபாய், மோர் உட்பட.
சீட்டு வாங்கியவள் சுகிர்தா.
மகனுக்குக் காய்ச்சல் என்று என்னிடம் தள்ளிவிட்டாள்.
"உனக்குத்தான் பழைய கட்டடம்னா பிடிக்குமே" என்றாள்.
சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை.

காலை ஆறரை, பாரிமுனை.
பதினான்கு பேர், ஒன்பது தொப்பி.
ஷட்டர் இறங்கியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்
இந்தத் தெருக்களுக்கு முகம் தெரியும்
என்கிறாள் வழிகாட்டிப் பெண் ஜோவிதா.
அண்ணாந்து பாருங்கள் என்கிறாள்.
பார்க்கிறோம்.
மாடு போட்டதை மிதிக்கிறார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

அரண்மனைக்காரத் தெருவில்
அரண்மனை இருந்ததே இல்லையாம்.
ஆர்மீனியர் என்றது
நம் காதில் அப்படி விழுந்திருக்கிறது.
எல்லோருக்கும் சந்தோஷம்.
கட்டாத அந்த அரண்மனையை
ஒரு நொடி எல்லோருமே பார்த்தோம் என்று நினைக்கிறேன்.
நான் அஸ்திவாரம் வரை பார்த்தேன்.
தொழில் அப்படி.

ஜோவிதாவின் வாக்கியங்கள்
'இருந்தது' என்று முடிகின்றன.
இங்கே பவளம் விற்கிற கடை இருந்தது.
இந்த வளைவுக்கு மரச்சட்டம் இருந்தது.
திங்கள் முதல் வெள்ளி வரை
மாநகராட்சியில் என் வாக்கியங்கள்
'தக்கது' என்று முடியும்.
காலி செய்யத் தக்கது.
இடித்தகற்றத் தக்கது.
நடுவில் 'இருக்கிறது' என்று சொல்ல
யாருக்கும் சம்பளமில்லை.

மெட்ராஸ் டெரஸைப் பற்றிச் சொன்னாள்.
தேக்கு உத்திரம், மேலே சாய்த்து அடுக்கிய சிறு செங்கல்,
சுண்ணாம்பு, கடுக்காய்ச் சாறு.
தப்பாக எதுவும் சொல்லவில்லை.
உத்திரத்தின் முனை சுவருக்குள் ஒளிந்திருக்கும் இடத்தில்தான்
முதலில் மக்கும்,
திருப்புளியால் குத்தினால் கேக் மாதிரி இறங்கும்
என்பதைச் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை. மோர் வந்தது.

பவளக்காரத் தெரு, குறுகும் இடம்.
வெளிர்ப்பச்சை வீடு. இரண்டு தூணுக்கு நடுவே
யாருக்கோ பூப்புனித நீராட்டு ஃப்ளெக்ஸ்,
போன வருஷத்தது.
பதினான்கு கைபேசிகள் உயர்ந்தன.
மாடியில் ஈரப் பாவாடையை உதறியவள்
அப்படியே நின்றாள்.

"எதுக்கு அளக்கறீங்க?
ஸ்டே இருக்கு. நம்பர் சொல்லட்டுமா?"

சொன்னாள். ரிட் மனு, எண், ஆண்டு,
ஏழாம் வாய்ப்பாடு மாதிரி, மூச்சு விடாமல்.
ஒருவர் வணக்கம் வைத்தார்.
ஒருவர் "பியூட்டிஃபுல் ஹவுஸ்" என்றார்.
அதையும் அவள் நோட்டீஸ் வாங்குகிற முகத்தோடுதான்
வாங்கிக்கொண்டாள்.

தூணில் சிவப்புப் பெயிண்டில் 47/ஆ.
அந்த 'ஆ'வின் சுழி வலப்பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தது.
என் 'ஆ' அப்படித்தான்,
டீச்சரிடம் அடி வாங்கியும் திருந்தாதது.
'கே. பங்காரம்மா மற்றும் எழுவர்.'
கோப்பில் அவ்வளவுதான்.
அன்று அவள் வீட்டில் இல்லை. கதவில் ஒட்டிவிட்டு வந்தோம்.
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

குழு திரும்பியது. நான் திரும்பவில்லை.
படிக்கட்டோரம் சுவரில் வெடிப்பு.
அதன் குறுக்கே, ஆடி மாதம்,
நான் ஒட்டிய கண்ணாடித் துண்டு:
விரல் நீளம், இரண்டு முனையிலும் சிமெண்ட், கீழே தேதி.
சுவர் நகர்ந்தால் உடையும்.
உடைந்தால் கோர்ட்டில் சொல்ல
எங்களுக்கு ஒரு வரி கிடைக்கும்.

தேதி இருந்தது. கண்ணாடியைக் காணோம்.
இருந்த நீளம் முழுக்க ஸ்டிக்கர் பொட்டு.
மெரூன், கறுப்பு, கல் வைத்தது, பாம்பு வளைவு,
குளிக்கப் போகும்போது ஒட்டி
எடுக்க மறந்தவை, ஒன்றன்மேல் ஒன்று.
பக்கத்தில் குழாய். சீயக்காய் வாசனை.

அடியில் கீறலா என்று தெரிய
ஒரு பொட்டையாவது பிய்க்க வேண்டும்.
நகத்தை வைத்தேன்.

"யாரும்மா அது?"

வழி தவறிட்டேன் என்றேன்.
"நேராப் போயி லெஃப்ட்டு," மேலிருந்து குரல்,
"அங்கதான் போனாங்க உங்க ஆளுங்க."